மூன்று படி மேலே

அத்தியாயம் 17

போன வாரம் பாப்பாவைத் தொலைபேசியும் கையுமாக நிற்கவிட்டு வந்துவிட்டோம். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "பாட்டு நோட்டை அண்ணிக்குக் குடுத்துடு பாப்பா. இனிமே உனக்கு அது எதுக்கு?" பாப்பா சொன்னதும் ஒரே வார்த்தை: "சரிண்ணா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டு எழுதியிருந்த வாசகிகளுக்குப் பதில்: பதினான்கு மாதம்.

இன்றுதான் முதல் தடவையாகப் படிக்கிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தெட்டு வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் இருக்கிறாள். வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணன் மெல்லிசைக் குழு நடத்துகிறவர். கீபோர்டு அவர் கையில். பதினெட்டு வருடம் அந்தக் குழுவின் பாடகி பாப்பாதான். யாரோ எப்போதோ பாடிய பாட்டை எடுத்து மேடைக்கு மேடை திரும்பப் பாடிப் பிழைத்த குடும்பம்.

பதினான்கு மாதம் முன்பு ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா. 'ஜன்னல் பாட்டு' என்று எல்லோரும் செல்லமாகச் சொல்கிற ஒரு பழைய சினிமாப் பாட்டு. அதன் உச்சியில் பாப்பாவின் குரல் உடைந்தது. சாதாரணமாக உடையவில்லை, கிறீச்சிட்டு உடைந்தது. கணவரும் அண்ணனுமாக அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அதோடு பாட்டு நின்றது. இப்போது மேடையில் அண்ணி. பாப்பா ஒரு காது ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிறாள். ஆறு மாதப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான்.

போதும். கதைக்கு வருவோம்.

காலை ஏழே முக்கால். பாப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கணவர் வெந்நீர் பிளாஸ்க்கோடு ஓடிவந்தார். அவர் அச்சகம் ஒன்றில் மேற்பார்வையாளர். எதையும் சரிபார்க்காமல் வெளியே விடமாட்டார், மனைவி உட்பட.

"இதை மறந்துட்டுப் போறியே. தொண்டையை நீயே கவனிச்சுக்கலேன்னா எப்படி?"

"அதான் நீங்க கவனிச்சுக்கறீங்களே."

பதினான்கு மாதமாக ஒரு நாள் தவறவில்லை மனிதர். அவரே அடுப்பைப் பற்றவைத்து, அவரே பிளாஸ்க்கில் ஊற்றி, அவரே மூடியைத் திருகிக் கொடுப்பார். இப்படி ஒருத்தர் அமையக் கொடுத்து வைத்திருக்கணும் என்று எதிர்வீட்டு அம்மா வாய் ஓயாமல் சொல்வாள். பாப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"நோட்டை எடுத்துக்கிட்டியா?" என்றார்.

"ம்."

"நல்லது. அது வீட்டுல இருந்தா உனக்கும் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கும்."

பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நேற்றுப் பரணிலிருந்து இறக்கிய நோட்டு. பழுப்பு ரெக்சின் அட்டை, நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. தூசியைத் துடைத்தாளே தவிர, திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் நுழையாததுமாக வரவேற்பு மேசையிலிருந்து ஒரு குரல். அந்தப் பெண்ணுக்கு அங்கே 'ரேடியோ' என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"அக்கா, அக்கா, இங்க வாங்களேன்! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது எனக்கு."

"காலங்காத்தால என்னடி?"

"'அசலா நகலா' பாக்கறதில்லையா நீங்க? எந்த உலகத்துல இருக்கீங்க?"

ரேடியோவின் ஃபோனில் ஒரு ஒல்லியான தொகுப்பாளர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான். பிரபலமான பாட்டை எடுத்து வேறு யாராவது பாடியிருந்தால், அந்த வீடியோவை நேயர்கள் அனுப்பலாம். மாதக் கடைசியில் சிறந்த ஐந்தும் மோசமான ஐந்தும் அறிவிப்பார்கள். மோசத்துக்குத்தான் கூட்டம் அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு போலீஸ் பேண்டு, தாலாட்டுப் பாட்டைப் போருக்குப் போகிற மாதிரி முழக்கியது. எந்தக் குழந்தை தூங்கும்? ஒரு பல் டாக்டர், வாயைப் பிளந்து படுத்திருந்தவர் தலைமாட்டில் நின்று காதல் பாட்டைப் பாடினார்; கண்ணீர் வந்தது பாட்டாலா பல்லாலா என்று தெரியவில்லை. சிறந்ததில் இரண்டாமிடம் ஒரு பேக்கரிக்காரருக்கு. மாவு பிசைந்துகொண்டே, ஒரு வார்த்தைகூட இல்லாமல், ஒரு சோகப் பாட்டை வெறும் முனகலாகப் பாடியிருந்தார். பாப்பா அதைக் கேட்டுச் சொக்கிப் போய் நின்றாள். அசலில் இல்லாத ஓர் இடத்தில் அந்த ஆள் மூச்சு வாங்கியிருந்தார். அந்த மூச்சால்தான் பாட்டு அவருடையதாக ஆயிற்று. அந்த வித்தை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் செய்த வித்தை.

"இருங்க, இப்பத்தான் மெயின் அயிட்டம். மோசத்துல முதலிடம்!" என்றாள் ரேடியோ.

மேடை. ஊதாப் புடவை. முகம் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துத் தெரிந்தது. ஜன்னல் பாட்டு.

கூட்டத்திலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். உச்சிக்கு வந்ததும் அந்தக் கிறீச். தொகுப்பாளர் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டார். "எங்க வீட்டுப் பூனை கதவு இடுக்குல மாட்டிக்கிச்சோன்னு எழுந்து ஓடிட்டேங்க!" பின்னணியில் கைதட்டல் சத்தம் வேறு.

ரேடியோ மேசையில் குப்புற விழுந்து சிரித்தாள். அவள் இங்கே சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கூந்தலை வெட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதியாக இளைத்து நிற்கிற இந்த அக்காதான் அந்த ஊதாப் புடவை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"கேளுங்கக்கா, இன்னும் கூத்து. சிறந்ததுல முதலிடமும் அதே பாட்டு, அதே குழு! வேற பொம்பளை. தேன் மாதிரி பாடுது."

அண்ணி. நெற்றி வியர்க்காமல், மைக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, உச்சியை அலட்சியமாகத் தொட்டுவிட்டு இறங்கினார்.

பாப்பாவுக்கு அவமானமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? காது மடல் சுட்டது. "வேலை இருக்குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவு சரியாகப் பிடிக்காமல் தானாகத் திறந்துகொண்டது. அந்தக் கதவின் கொக்கி போய் மூன்று மாதம். கொக்கி நன்றாக இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது.

அன்றைய முதல் ஆள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருடம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து இடது காது மந்தமாகியிருந்தது.

"சத்தமாப் பேசும்மா. ஹாரன் அடிச்சாத்தான் எனக்குக் கேக்கும்."

"பேச வேண்டியதில்லைங்க. இந்தச் சத்தம் எப்ப நிக்குதோ, அப்பக் கையைத் தூக்குங்க."

டியூனிங் ஃபோர்க்கை எடுத்தாள். இரண்டு பல் உள்ள இரும்புக் கவை. தட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் 'ஙொய்' என்று வரும். அது ஏறாது, இறங்காது. மழையானாலும் வெயிலானாலும் அதே ஸ்வரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைத் தட்டிக் கேட்டபோதே பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பாடுவது ஐந்து கட்டையில். அந்தச் சுருதியில் ஜன்னல் பாட்டின் உச்சி எங்கே வந்து நிற்குமோ, அதற்கு மயிரிழை கீழே இருந்தது இந்த இரும்பின் சத்தம். அன்றைக்குக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எந்த ஸ்வரத்தில் தன் குரல் செத்ததோ, அதையே தினம் இருபது தடவை தட்டிக் கேட்கும் வேலை வாய்த்ததே என்று.

இப்போதும் தட்டினாள். ஒலிக்கிறதா என்று பார்க்க, வழக்கம் போல முதலில் தன் காதருகே கொண்டுபோனாள்.

வெளியே ரேடியோ, மருந்து கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அதே வீடியோவைப் போட்டாள். திறந்த கதவு வழியாகப் பாட்டு உள்ளே வந்தது. ஏறியது. உச்சிக்குப் போயிற்று. கிறீச்.

பாப்பாவின் கை அப்படியே நின்றது.

ஃபோர்க் ஓரிடத்தில் இருந்தது. பாட்டு வேறு எங்கோ இருந்தது.

"என்னம்மா, தூக்கணுமா?" என்றார் டிரைவர்.

"ஒரு நிமிஷம் இருங்க."

கையில் ஃபோர்க்கோடு வெளியே வந்தாள். "இன்னொரு தடவை போடுடி."

"பாத்தீங்களா, உங்களுக்கும் பிடிச்சுப் போச்சு!" ரேடியோவுக்கு ஒரே குஷி.

உச்சி வரும் நேரம் பார்த்து ஃபோர்க்கை முழங்கையில் தட்டிக் காதில் வைத்தாள் பாப்பா. சந்தேகமே இல்லை. ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. கீபோர்டில் அடுத்தடுத்து மூன்று கட்டை தள்ளி, மேலே நின்றது பாட்டு.

"இப்ப அந்த இன்னொருத்தங்க பாடினதைப் போடு."

அண்ணி பாடியது. அதுவும் அதே உயரம்தான், இம்மி பிசகவில்லை. அண்ணியுடையது மெல்லிய குரல். அது அவருடைய சுருதி. அந்தக் குடும்பத்தில் அந்த உயரத்தில் ஜன்னல் பாட்டைப் பாட அவர் ஒருத்தரால்தான் முடியும்.

அப்படியென்றால் அன்றைக்குப் பாப்பா பாடியது அண்ணியின் சுருதியில்!

அன்று முதல் வரியை எடுக்கும்போதே மாடிப்படி ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம் சளிப் பிடித்திருந்தது. தொண்டைதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தாள். கீபோர்டு எந்தச் சுருதியைக் கொடுக்கிறதோ, அதைப் பிடித்துக்கொண்டு பாடுவதுதானே பாடகியின் வேலை? அண்ணன் கொடுக்கும் சுருதியை அவள் பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால் மோந்து பார்த்தா குடிக்கிறோம்?

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நோட்டைத் திறந்தாள்.

ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டு, சுருதி, மூச்சு வாங்கும் இடம் எல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கும். அறுபத்து மூன்றாம் பக்கம் ஜன்னல் பாட்டு. சிவப்பு மையில் பெரிதாக '5'. அதன் பக்கத்தில் பென்சிலால் எழுதி அழித்த ஏதோ ஒன்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். '+3'. கீழே பொடி எழுத்தில் ஒரு தேதி.

அண்ணன் கையெழுத்து. கீபோர்டில் எதை மாற்றினாலும் தேதி போட்டுக் குறித்துவைப்பது அவர் பழக்கம். ஒரு தடவை எதையோ மாற்றிவிட்டு எப்போது மாற்றினோம் என்று தெரியாமல் முழித்ததிலிருந்து வந்த பழக்கம் அது. அந்தத் தேதி, ஆண்டு விழாவுக்கு நாலு நாள் முன்னால். "இடையிசையெல்லாம் குறிச்சுக்கிட்டுத் தரேன்" என்று அந்த வாரம் நோட்டை வாங்கிப்போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆக, குரல் உடைவதற்கு நாலு நாள் முன்பே அந்தப் பாட்டு கைமாறிவிட்டது. அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அப்போதும் பாருங்கள், பாப்பா அண்ணனுக்கு வக்கீலாக நின்றாள். அண்ணி ஆசைப்பட்டிருப்பார், அண்ணன் சும்மா வாசித்துப் பார்த்திருப்பார், மூன்று படி ஏற்றினதை இறக்க மறந்திருப்பார், மனுஷன்தானே, மறக்காதா? இப்படியெல்லாம் தனக்குத்தானே வாதாடிக்கொண்டே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். ஃபோர்க்கைப் பையில் போட்டுக்கொண்டாள். பிளாஸ்க் அப்படியே நிறைந்திருந்தது.

அண்ணன் வீட்டு மாடி அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். நடுவில் கீபோர்டு, அதன் முன்னால் அண்ணன், தோளில் துண்டு. பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி.

அண்ணிதான் முதலில் ஓடிவந்தார். "பாத்தியா பாப்பா? முதல் இடமாம்! காலையிலேருந்து ஃபோன் மேல ஃபோன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உன்னோடதையும் போட்டுத் தொலைச்சிருக்கானுங்க. பாவிங்க. நீ மனசுல வச்சுக்காத."

"பரவால்ல அண்ணி. அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"நோட்டைக் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். அன்னைக்கு ஆண்டு விழாவுல டிரான்ஸ்போஸ் எவ்வளவு வச்சிருந்தே?"

சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தானுக்குத்தான் அந்தப் பெயர். கீபோர்டுக்காரரின் விரல் அதே கட்டைகளில்தான் ஓடும். பொத்தானைத் தட்டினால் பாட்டு மட்டும் மேலே ஏறிக்கொள்ளும்.

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "திடீர்னு வந்து என்ன கேள்வி இது? ஒரு வருஷத்துக்கு முந்தி நடந்தது யாருக்கு ஞாபகம்?"

பாப்பா நோட்டைப் பிரித்துக் கீபோர்டு மேல் வைத்தாள். பென்சில் தடத்தில் விரலை வைத்தாள். பிறகு ஃபோர்க்கை எடுத்துத் தட்டி, அவர் காதருகே பிடித்தாள்.

"இது என் உச்சி. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். இப்ப வீடியோவைப் போடட்டுமா?"

அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். முகம் வெளுத்துவிட்டது.

"மறந்துட்டேன் பாப்பா," என்றார். "சத்தியமா மறந்துட்டேன். ரிகர்சல்ல அண்ணிக்காக வச்சது. இறக்காம விட்டுட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"உன்னைத்தான் கேக்கறேன். எப்பத் தெரிஞ்சுது?"

"நீ எடுத்ததுமே. முதல் வரியில."

"அந்தப் பாட்டுல இடையிசை ரெண்டு இருக்கு. ஒரு தட்டுத் தட்டி இறக்கியிருக்கலாமே? ஒரு விரல் போதுமே."

"நடுவுல இறக்கினா கூட்டத்துக்குத் தெரிஞ்சுடும். இருபத்தஞ்சு வருஷம் எடுத்த பேரு..."

"உன் பேரு கெடக்கூடாது. என் குரல் கெட்டாப் பரவால்ல."

"அப்படியெல்லாம் பேசாத."

"எப்படிப் பேசறது? டாக்டர்கிட்ட என் கூட வந்தியே! அவர் டார்ச் அடிச்சுப் பாத்து, ஒரு கோளாறும் தெரியல, கொஞ்ச நாள் ஓய்வு குடுங்கன்னாரு. பக்கத்துல உக்காந்து நீயும் தலையாட்டினியே! வீட்டுக்கு வரப்போ, அவ்வளவுதான், போச்சுன்னு எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணீங்களே! குளிக்கிற இடத்துலகூட நான் வாயைத் திறக்கலண்ணா. திறந்தா கிறீச்சுன்னு வந்துடுமோன்னு பயம். பயத்துலயே நடுங்கும். நடுங்கறதைப் பாத்து, ஆமா செத்துடுச்சுன்னு நானும் நம்பினேன். பதினாலு மாசம்!"

அண்ணி வாசற்படியிலேயே நின்றிருந்தார். "பாட்டை நீயே விடறேன்னு சொன்னதாத்தானே இவர் எங்கிட்டச் சொன்னாரு," என்றார் மெதுவாக. "பாப்பாவுக்கு முடியல, ஓய்வு எடுக்கணுங்கறா, நீ கத்துக்கோன்னாரு. அதான் ஒத்துக்கிட்டேன். உன் வாயில இருந்து பிடுங்கித் திங்க எனக்கு என்ன தலையெழுத்தா?"

பாப்பா அவரைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்புதான். மறதியில நடந்து போச்சு. அப்புறம் சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்க."

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பாப்பாவுக்கு ஆறு வயதில் ஆர்மோனியத்தின் முன்னால் மடியில் உட்காரவைத்து ஸ்வரம் சொல்லிக்கொடுத்தவர். மறதி என்றால் மன்னித்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. நோட்டை மூடப்போனாள்.

மூடும்போது கண் கீபோர்டின் சின்னத் திரையில் விழுந்தது. '+3'. அண்ணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ரிகர்சல் எங்க நடந்துச்சு அண்ணி?"

"இங்கதான். இந்த ரூம்லதான்."

"விழா நடந்த ஊருக்கு இதே கீபோர்டுப் பெட்டிதானே வந்துச்சு?"

"வேற ஏது? இதைத்தானே வேன்ல ஏத்துவாங்க."

பாப்பா அண்ணன் பக்கம் திரும்பவில்லை. சுவரோரம் போய்ச் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது.

"பாப்பா, என்ன பண்றே?" அண்ணன் எழுந்துவிட்டார். "அதை ஏன்... இரு, பாப்பா, இரு!"

மறுபடி போட்டாள். பெட்டி உயிர் பெற்றது. திரையில் எண் வந்தது.

'00'.

பதினெட்டு வருடம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? அணைத்துப் போட்டால் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு மேடையிலும் அதற்காக அண்ணன் அலுத்துக்கொள்வார். இந்த அறையில் அணைத்து, உறையில் போட்டுக் கட்டி, வேனில் ஏற்றி, நாலு மணி நேரம் ஓட்டிப்போய், அங்கே மேடையில் புதிதாகப் போட்ட பெட்டியில் '+3' தானாக எப்படி வந்து உட்காரும்?

அண்ணிக்கும் புரிந்துவிட்டது. கை தானாக வாய்க்குப் போயிற்று. "அப்போ, மேடையில வச்சு நீங்களே ஏத்தினீங்களா? அதான் அன்னைக்கு நம்ம குழுவோட கிட்டார்காரர் வேணாம்னு சொன்னீங்களா? அவர் இருந்தா சுருதி ஏறினதைக் கண்டுபிடிச்சு அங்கேயே கத்தியிருப்பாருன்னுதானே?"

எழுந்த அண்ணன் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"மறதின்னு சத்தியம் பண்ணியேண்ணா," என்றாள் பாப்பா. "இப்பத்தான் பண்ணினே. அது ஆறுறதுக்குள்ளயா?"

"நான் மட்டும் முடிவு பண்ணல பாப்பா."

"வேற யாரு?"

அவர் அந்தப் பிரம்பு நாற்காலியைப் பார்த்தார்.

"விழாவுக்கு முந்தி உன் வீட்டுக்காரர் வந்திருந்தாரு. இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. மாசத்துல பாதி நாள் ஊர் ஊராப் போறா, பொண்ணு வளர்றா, சொன்னா கேக்க மாட்டேங்கறா, அவளா விட்டாத்தான் உண்டுன்னாரு. ஒரே ஒரு தடவை மேடையில சறுக்கினாப் போதும், அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி, தானா விட்டுடுவான்னாரு. நானும்... எனக்கும் வீட்டுல இவ ஆசைப்பட்டா..."

"என் பேரை இழுக்காதீங்க," என்றார் அண்ணி. இதுவரை அவர் புருஷனிடம் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

பாப்பா நின்றபடியே பையைக் கீழே வைத்தாள். உள்ளிருந்து பிளாஸ்க் உருண்டு வெளியே வந்து, நாற்காலிக் காலில் முட்டி நின்றது. இன்று காலை மூடியை அவர்தான் திருகிக் கொடுத்தார். நேற்றும். அதற்கு முந்தின நாளும். இல்லாத நோய்க்குப் பதினான்கு மாதம் வெந்நீர் போட்டுக் கொடுத்த மனுஷன். தெரிந்தே போட்டுக் கொடுத்த மனுஷன். அண்ணன் செய்தது நெஞ்சில் வலித்தது. இதற்கு என்ன பெயர் சொல்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஃபோன் அடித்தது.

அவர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவறாமல் வரும் ஃபோன்.

"என்னம்மா, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டியா? நோட்டைக் குடுத்துட்டியா?"

"இல்லீங்க."

"குடுத்துட்டு வா. வெந்நீர் குடிச்சியா? தொண்டை எப்படி இருக்கு?"

பாப்பா கீபோர்டுப் பக்கம் வந்தாள். திரையில் '00' இருந்தது. தன் ஐந்து கட்டைச் சுருதியை ஒரே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் அண்ணியும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "கேக்கறீங்களா?"

ஜன்னல் பாட்டை எடுத்தாள். முதல் வரி கரகரத்தது. பதினான்கு மாதத்துத் துரு. இரண்டாவது வரியில் தொண்டை பிடி கொடுத்தது. வழக்கமாக மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினாள். ஏறினாள். உச்சியில் குரல் அழுகையோடு நடுங்கியது. ஆனால் உடையவில்லை. அந்த இரும்புக் கவைக்கு மயிரிழை மேலே, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது.

அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பாடி முடித்து ஃபோனைக் காதோடு அழுத்தினாள். அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஃபோனை வைக்கவில்லை. அவருடைய மூச்சு கேட்டது.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள் பாப்பா. "மூணு படி இறக்கிப் பாடினேன். அதான் உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"